கவிழ்த்து வைத்த கிளாஸ்

ஸ்ஃபாக்கியா மலை, கிரீட் தீவு
14 ஜூலை 1979

கலோனித் துறையில் ஊஸோக் கடை நடத்தும் மிர்சினி அம்மாள் அவர்களுக்கு,

மனூசோஸ் வரூதாக்கிஸ் எழுதுவது. இரண்டு கப்பல் மாறி, போன புதன்கிழமை வீடு வந்து சேர்ந்தோம். என் மகள் அனெஸினி நலம். 'சம்பந்தி' என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறந்துபோய் விடவில்லை. இனி அப்படி எழுத வேண்டி வருமா என்பதே சந்தேகம்.

உங்கள் மகன் இக்னாத்திஸ் பட்டாளத்தில் இருந்தபோது எங்கள் பக்கம் வந்து என் பெண்ணைப் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருக்கவில்லை. சரி, பையன் படகு இன்ஜின் வேலை தெரிந்தவன், வாய் அதிகம் பேசாதவன், பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது என்று நிச்சயம் பேச உங்கள் தீவுக்கு வந்தேன். கையை வீசிக்கொண்டு வரவில்லை. வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு பாலாடைக்கட்டியைத் தோளில் சுமந்து வந்தேன். நீங்கள் என் முன்னால் என்ன வைத்தீர்கள்? விரல் நீள மத்தி மீனை, அடுப்பில்கூடக் காட்டாமல், காலையில் உப்புப் போட்டு மாலையில் தோலை உரித்து வைத்தீர்கள். பொறுத்துக்கொண்டேன். சோம்பு மணக்கிற உங்கள் ஊஸோச் சாராயத்தை ஊற்றினீர்கள். எங்கள் மலையில் குழந்தைக்கு வயிறு உப்பினால்தான் சோம்பைத் தேடுவோம். அதையும் பொறுத்துக்கொண்டு, மரியாதைக்காகக் குடித்தேன்.

ஆனால் நான் திரும்பி, என்னோடு வந்த அண்ணன் மகன்களோடு பேசிய நேரம் பார்த்து, என் கிளாஸில் தண்ணீரை ஊற்றினீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? திரும்பிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்த சரக்கு பால் மாதிரி வெளுத்து நிற்கிறது. எங்கள் ஊர்ச் சாராயமான ராக்கியில் யாரும் தண்ணீர் விடமாட்டார்கள். ஒருவன் கிளாஸில் இன்னொருவன் தண்ணீர் ஊற்றினால், 'உனக்கு இது தாங்காது, போய்ப் படு' என்று நாலு பேர் முன்னால் சொன்னதற்குச் சமம். என் அண்ணன் மகன்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சித்தப்பாவுக்குப் பால் புகட்டிட்டாங்கடா!" மலை பூராவும் இப்போது அதுதான் பேச்சு. கழுதை ஓட்டுகிறவன்கூட என்னைப் பார்த்து, "என்ன மனூசோஸ், பால் குடிச்சாச்சா?" என்கிறான்.

அதனால்தான் அதை மண்ணில் கொட்டிவிட்டு, கிளாஸை உங்கள் மேஜையில் கவிழ்த்துவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதி, மன்னிப்பும் கேளுங்கள். அதுவரை கல்யாணப் பேச்சு கிடையாது.

மனூசோஸ்

.

கலோனித் துறை, லெஸ்வோஸ் தீவு
23 ஜூலை 1979

சம்பந்தி என்று எழுதக் கை கூசுகிற மனூசோஸ் அவர்களுக்கு,

மேஜைக்கு விரிக்கிற காகிதத்தில்தான் எழுதுகிறேன். மத்தி சீசனில் கடையில் நிற்கக்கூட நேரமில்லை, இதில் வெள்ளைத்தாள் வாங்க எங்கே போவது?

மரியாதைக்காகக் குடித்தீர்களா? நான்தானே ஊற்றினேன், எனக்குத் தெரியாதா? கிணற்றில் வாளி இறக்குவது மாதிரி இறக்கினீர்கள். ஊஸோவை யாரும் ஒரே மடக்கில் குடிப்பதில்லை. வாய் நனைப்பார்கள், கிளாஸைக் கீழே வைப்பார்கள், ஒரு மீனை எடுப்பார்கள், பக்கத்தில் இருப்பவனோடு வம்பளப்பார்கள், மறுபடி நனைப்பார்கள். ஒரு சின்னக் குப்பியோடு ஒரு சாயங்காலம் போகும். நீங்கள் மீன் பக்கம் கையையே நீட்டவில்லை. என் கடைக்கு வந்திருந்த சனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிச்சயம் என்றால், சாப்பாட்டு முடிவில் பெண்ணின் அப்பா எழுந்து நின்று கிளாஸைத் தூக்கி 'தருகிறேன்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பேரும் காத்திருந்தோம். அதைச் சொல்லாமலே போய்விட்டீர்கள்.

தண்ணீர் ஊற்றினேன். இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் கடற்கரையிலும் அது முறையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் ஊஸோவில் தண்ணீர் விடுவோம். ஆனால் அவரவர் கிளாஸுக்கு அவரவர்தான் ஊற்றிக்கொள்வார்கள். எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பது அவரவர் இஷ்டம், பெற்ற அம்மாகூட அதில் கை வைக்க மாட்டாள். இத்தனை வருஷம் கடை நடத்துகிற எனக்கு இது தெரியாமலா இருக்கும்? ஏன் ஊற்றினாய் என்று கேட்டால், சொல்ல மாட்டேன். நூறு கடிதம் எழுதினாலும் சொல்ல மாட்டேன்.

அதற்கான தண்டனையை நான் தினமும் அனுபவிக்கிறேன், கவலைப்படாதீர்கள். தண்ணீர் ஜக்கோடு மேஜைப் பக்கம் போனாலே என் வாடிக்கைக்காரர்கள் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார்கள். கிழட்டு வலைக்காரன் பராஸ்கோஸ், "மிர்சினி வர்றா, கிளாஸைப் பத்திரமாப் பிடிங்கடா, பாலாக்கிடப் போறா!" என்று சத்தம் போடுகிறான். இந்தத் துறையில் என்னை யாரும் இப்படிக் கிண்டல் செய்தது கிடையாது.

நீங்கள் கவிழ்த்த கிளாஸ் அதே மேஜையில் அப்படியே இருக்கிறது. நான் நிமிர்த்தவில்லை. யாரையும் தொட விடவும் இல்லை. கவிழ்த்தவர் வந்து நிமிர்த்தட்டும். கடலைப் பார்த்த நல்ல மேஜை, பராஸ்கோஸ் வழக்கமாக உட்காருகிற இடம், சீசன் நேரத்தில் சும்மா கிடக்கிறது. எல்லாம் உங்கள் புண்ணியம்.

இக்னாத்திஸ் நேற்று ஒரு இன்ஜினைக் கழற்றிப் பூட்டினான். பூட்டி முடித்த பிறகு பார்த்தால் ஒரு திருகாணி மிச்சம். அந்தப் பையன் கையில் இப்படி நடந்ததே இல்லை. நம் சண்டையை நாம் போட்டுக்கொள்வோம். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

மிர்சினி

.

ஸ்ஃபாக்கியா
1 ஆகஸ்ட் 1979

மிர்சினி அம்மாளுக்கு,

'சொல்ல மாட்டேன்' என்றால் என்ன அர்த்தம்? செய்தது தப்பு என்று நீங்களே எழுதுகிறீர்கள். தெரிந்தே செய்தேன் என்றும் எழுதுகிறீர்கள். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டீர்கள். இது என்ன நியாயம்? கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

உங்கள் மகன் எங்கள் ஊர் காப்பிக்கடைக்குப் போன் செய்தான். என்னைக் கூப்பிட்டார்கள். "மாமா, நான் இக்னாத்திஸ் பேசுறேன்" என்றான். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கடைக்குள் இருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் அவன் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பேசத் தெரியாதவன் எதற்குப் போன் செய்ய வேண்டும்?

இங்கே அனெஸினியும் அதே கதைதான். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, அதற்குப் பதில் சொல்லிவிடலாம். தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள், ஆட்டைக் கறக்கிறாள், படுக்கிறாள். "அவனத்தான் கட்டிக்கணும்னா கப்பலேறிப் போயேன், யாரு கையப் பிடிச்சா?" என்று ஒரு நாள் கத்தினேன். "நீங்க தர்றேன்னு சொல்லாம போக மாட்டேன்" என்றாள். "சொல்லலைன்னா?" என்றேன். "அப்ப இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, போய் அடுப்பை மூட்டினாள். இதற்கு ஒரு மனிதன் என்ன செய்வது?

அவளை விட்டால் என் வீட்டில் யாரும் இல்லை. அவள் அம்மா போனபோது இவள் மேஜை உயரம்கூட இல்லை. இப்படி வளர்த்த பெண்ணை, காரணம்கூடச் சொல்லாமல் என்னை அவமானப்படுத்திய வீட்டுக்குள் எப்படி அனுப்புவேன்? மாதக் கடைசிக்குள் காரணம் வரவில்லை என்றால், அன்றைக்கு விருந்துக்கு முன்னால் இக்னாத்திஸ் அவள் விரலில் போட்ட மோதிரத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுவேன். பொட்டலம் கட்ட டப்பாகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

மனூசோஸ்

பி.கு: உங்கள் ஊஸோ ஆம்பளை குடிக்கிற சரக்கு இல்லை.

.

கலோனித் துறை
9 ஆகஸ்ட் 1979

மனூசோஸ் அவர்களுக்கு,

பின்குறிப்பைப் படித்தபோது கையில் கத்தி இருந்தது. நல்லவேளை, எதிரே இருந்தது மீன்தான்.

காரணம் சொல்ல மாட்டேன் என்றால் மாட்டேன்தான். ஆனால் ஒன்று செய்யலாம். நீங்கள் என் வீட்டை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், என் வீட்டு ஊஸோவை ஒரு தடவை முறைப்படி குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். குடிக்கத் தெரியாமல் குடித்துவிட்டு வயிற்றுவலி மருந்து என்று பேசாதீர்கள். இதோடு ஒரு பெட்டி வருகிறது. வைக்கோலுக்குள் ஆறு சின்னக் குப்பிகள், ஒரு டப்பா உப்பு மத்தி. முறைப்படி குடித்த பிறகும் 'வேண்டாம்' என்று எழுதினால், மோதிரத்தை அனுப்புங்கள். மறுவார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்வேன். இக்னாத்திஸிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். அதைவிட என்ன செய்ய?

இப்போது கவனமாகப் படியுங்கள். ஒல்லியான, உயரமான கிளாஸ். ராக்கிக் கிண்ணத்தை எடுத்தீர்களோ, எனக்கு இங்கிருந்தே தெரிந்துவிடும். இரண்டு விரல் ஊஸோ. பிறகு தண்ணீர், மெதுவாக. அது வெளுக்கும். பயப்படாதீர்கள், யாரும் உங்களுக்குப் பால் புகட்டவில்லை. சோம்பின் எண்ணெய் தண்ணீரைக் கண்டால் அப்படித்தான். கடைசியில் வேண்டுமானால் ஐஸ். ஐஸை முதலில் போட்டால் மேலே ஆடை கட்டும். போடாதீர்கள். வாயை நனையுங்கள். கீழே வையுங்கள். மீனைச் சாப்பிடுங்கள். கிளாஸ் தீருகிறவரை எழுந்திருக்காதீர்கள்.

இதில் கஷ்டம் எங்கே இருக்கிறது? எங்கள் ஊரில் தேவாலயத்து மணியடிக்கிறவன்கூடச் சரியாகக் குடிக்கிறான்.

மிர்சினி

.

ஸ்ஃபாக்கியா
20 ஆகஸ்ட் 1979

மிர்சினி அம்மாளுக்கு,

பெட்டி வந்தது. மாதா விரதம் முடியட்டும் என்று காத்திருந்து, ஆகஸ்ட் பதினைந்து, திருநாளன்றைக்குக் குடிக்க உட்கார்ந்தேன். உங்கள் சரக்கு கெட்டுப்போயிருக்கிறது.

நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை. நீங்கள் சொன்ன மாதிரியேதான் செய்தேன். ஐஸுக்கு இங்கே எங்கே போவது? அதனால் இரண்டு குப்பிகளை மலை உச்சியில், வெயில் படாத பனிக்குழிக்குள் முதல்நாளே புதைத்து வைத்தேன். ஆகஸ்டிலும் அங்கே பனி இருக்கும். போய் எடுத்துப் பார்த்தால், தண்ணீரே படாத குப்பிக்குள் வெள்ளைச் செதில் செதிலாக ஏதோ மிதக்கிறது. குலுக்கினால் கலங்குகிறது. மீன் செதிலா, சுண்ணாம்பா, தெரியவில்லை. அண்ணன் மகன்கள், "சித்தப்பா, அந்தம்மா இந்தத் தடவ பாலைத் தயிராவே அனுப்பிருச்சு" என்றார்கள். அந்த இரண்டையும் பாறையில் கொட்டிவிட்டேன்.

மூன்றாவது குப்பியை வீட்டிலேயே திறந்தேன். உயரமான கிளாஸ் இல்லை. அனெஸினி பூ வைத்திருந்த கிளாஸைக் கழுவிக் கொடுத்தாள். தண்ணீர் விட்டேன், நானே விட்டேன். உப்பு மத்தி டப்பாவைப் பூனைகள் முடித்துவிட்டன, அதனால் கொழுத்த ஆட்டுக்கறியை வைத்துக்கொண்டேன். வாசலில் தனியாக உட்கார்ந்து குடித்தேன். கறியின் ருசியும் கெட்டது, சோம்பின் ருசியும் கெட்டது. மனசும் சரியில்லை. ஒரு கிளாஸோடு எழுந்துவிட்டேன்.

கெட்டுப்போன சரக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்பதால் மோதிரத்தை இன்னும் அனுப்பவில்லை. மூன்று குப்பிகள் மிச்சம் இருக்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஆனால் இதுதான் கடைசி.

மனூசோஸ்

.

கலோனித் துறை
27 ஆகஸ்ட் 1979

கடவுளே! மனூசோஸ்!

உங்கள் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்தது என் தப்பு. பராஸ்கோஸ் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டான். 'பனிக்குழி' என்று சொல்லிச் சொல்லி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அது கெட்டுப்போகவில்லை, அப்பனே! ஊஸோவுக்கு அத்தனை குளிர் ஆகாது. சோம்பின் சத்து உள்ளேயே உறைந்து செதிலாகிவிடும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் பழையபடி கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். நல்ல சரக்கு, பீப்பாய் பீப்பாயாகப் பார்த்த நான் பொறுக்கி எடுத்து அனுப்பிய சரக்கு, அதைப் பாறைக்கு ஊற்றியிருக்கிறீர்கள். பாறையாவது ருசித்ததா?

ஆட்டுக்கறியை யாராவது ஊஸோவோடு சாப்பிடுவார்களா? உப்பும் புளிப்பும் வேண்டும். கொழுப்பு ஆகாது. மீன் இல்லையென்றால் வினிகரில் ஊறிய காய், ஆலிவ், தக்காளி, நத்தை, எதுவானாலும் சரி.

ஆனால் எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது இதற்கெல்லாம் இல்லை. தனியாக உட்கார்ந்து குடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான். எங்கள் ஊரில் ஊஸோவைத் தனியாகக் குடிக்கிறவனைப் பார்த்தால், வீட்டில் என்ன துக்கம் என்று விசாரிப்போம். ராக்கியைச் சொல்லவில்லை, அதை நீங்கள் ஆட்டோடு நின்றுகொண்டுகூடக் குடியுங்கள். இது எதிரே ஆள் இருந்தால்தான் ருசிக்கும். முதலில் எழுதவேண்டிய விஷயத்தையே விட்டுவிட்டாயே என்று நீங்கள் கேட்கலாம். மூச்சு விடு என்று யாராவது எழுதி அனுப்புவார்களா? தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

யாரையாவது எதிரே உட்கார வையுங்கள். உங்கள் அண்ணன் மகன்கள், அந்தப் பால்காரப் பையன்கள் வேண்டாம், அவர்கள் மடக்கென்று குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பேசக்கூடிய ஆளாகப் பாருங்கள்.

இக்னாத்திஸ் சவரம் செய்வதை விட்டுவிட்டான். மீன்பிடிக் கப்பல் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்களாம், ஒரு வருஷம் ஆழ்கடலுக்குப் போகிறேன் என்கிறான். "ஏன்டா?" என்றால், "இங்க இருந்து என்ன பண்றது?" என்கிறான். கப்பல் செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறது. அவன் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்தவள் நான். இவனையும் அதற்கு அனுப்ப என்னால் முடியாது. ஒரு கிளாஸ் தண்ணீருக்காக இவ்வளவா, மனூசோஸ்?

மிர்சினி

.

ஸ்ஃபாக்கியா
6 செப்டம்பர் 1979

மிர்சினி அம்மாளுக்கு,

குடித்தேன். முறைப்படி குடித்தேன். அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு எழுத வராது, இருந்தாலும் எழுதுகிறேன்.

எதிரே உட்கார ஆள் தேடினேன். ஊரில் ஒவ்வொருவனும் வரமாட்டேன் என்றான். "பால் விருந்தா? எங்களுக்குப் பல்லு முளைச்சாச்சு" என்றான் காப்பிக்கடைக்காரன். கடைசியில் அனெஸினி நத்தைகளைச் சட்டியில் போட்டு, ரோஸ்மேரித் தழையும் வினிகரும் விட்டு வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கம்போல வைத்துவிட்டு நகரப் போனாள். "நீ உக்காரு" என்றேன். என் பெண் என்னோடு குடிக்க உட்கார்ந்ததே இல்லை. எங்கள் மலையில் அது வழக்கமும் இல்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கிளாஸிலும் நான் ஊஸோவை ஊற்றினேன். அவளுக்குத் தண்ணீரை ஊற்றப் போனேன். கிளாஸைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அவங்கவங்களுக்கு அவங்கவங்கதான் ஊத்திக்கணும்னு அத்தை சொல்லிருக்காங்க" என்றாள்.

அத்தையாம். நத்தையை உறிஞ்சினேன். வாயை நனைத்தேன். நத்தையோடு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வெயில் மலைக்குப் பின்னால் போகிறவரை ஆட்டைப் பற்றி, கிடையைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் திடீரென்று சொன்னாள்:

"அப்பா, அன்னிக்கு உங்க கிளாஸ்ல தண்ணி ஊத்தச் சொன்னது நாந்தான்."

எனக்குப் புரியவில்லை. "யாருகிட்ட சொன்ன?" என்றேன்.

"அத்தைகிட்ட. காதுல போய்ச் சொன்னேன். முடியவே முடியாது, அது முறையில்லன்னாங்க. நான் அழுதேன். அப்புறம்தான் ஊத்துனாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்."

"எதுக்குடி?"

"நீங்க தூங்கிருவீங்கன்னு பயமாயிருந்துச்சு. வேணும்னேதான அப்படிக் குடிச்சீங்க. பேச்சு உங்க முறைக்கு வர வர வேகமாக் குடிச்சீங்க. தர்றேன்னு சொல்லக் கூடாதுன்னுதான குடிச்சீங்க?"

பைத்தியம் மாதிரிப் பேசாதே என்றேன். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் கிளாஸில் இன்னும் பாதி இருந்தது. தீருகிறவரை எழுந்திருக்காதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊஸோவில் இருக்கிற கோளாறே இதுதான். ராக்கி என்றால் ஒரு மடக்கு, எழுந்து ஆட்டுப் பக்கம் போய்விடலாம். எத்தனையோ பேச்சை நான் அப்படித்தான் முடித்திருக்கிறேன். இது தீரவே மாட்டேன் என்கிறது. எதிரே பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கிளாஸிலும் பாதி இருக்கிறது.

"அப்பவே ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"அவங்க மேல கோவப்பட்டா என்னிக்காவது ஆறிரும். எம்மேல கோவப்பட்டா நீங்க தாங்க மாட்டீங்கப்பா" என்றாள்.

மிர்சினி அம்மா, ஐம்பது நாளாக நான் உங்களை என்னவெல்லாம் எழுதினேன். ஒரே வரியில் என் வாயை அடைத்திருக்கலாம். 'உன் பெண்தான் சொன்னாள், போ' என்று எழுதியிருக்கலாம். வாடிக்கைக்காரர்கள் கிளாஸை மூடுகிறார்கள் என்று எழுதினீர்களே தவிர, அதை எழுதவில்லை. மகன் கப்பலுக்குப் போகிறேன் என்றபோதுகூட எழுதவில்லை. உங்கள் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் வேறு மாதிரி எரிச்சல்.

பெண் சொன்னது உண்மை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு பேச ஆடுகள்தான் இருக்கும். அங்கே உங்கள் மேஜையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அனெஸினியும் சிரித்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கிளாஸை ஊற்றி அதை உள்ளே தள்ளினேன். நீங்கள் தண்ணீர் ஊற்றியதும் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

இரண்டாவது குப்பியைத் திறந்தபோது அனெஸினி சிரித்தாள். மோதிரத்துக்காகப் பார்த்து வைத்த டப்பாவில் இப்போது ரோஸ்மேரி இருக்கிறது.

அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியதை இப்போது எழுதுகிறேன், சம்பந்தி. தருகிறேன். என் பெண்ணை உங்கள் இக்னாத்திஸுக்குத் தருகிறேன். அந்தப் பையனைக் கப்பலில் ஏற விடாதீர்கள்.

மனூசோஸ்

.

கலோனித் துறை
13 செப்டம்பர் 1979

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதத்தை இந்த முறை கடையில் படிக்கவில்லை. அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று சொன்னேன். பராஸ்கோஸ் நம்பவில்லை.

உங்கள் பெண்ணும் உங்களை மாதிரியேதான். என்னிடம் சத்தியம் வாங்கி, என் பேரைக் கெடுத்து, ஐம்பது நாள் தூக்கத்தையும் கெடுத்துவிட்டு, நத்தை வறுத்தாளாம். வரட்டும், அவளிடமும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வேன், அது வேறு விஷயம்.

இக்னாத்திஸிடம் சொன்னேன். நேரே போய்ச் சவரம் செய்துவிட்டு வந்தான். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. கப்பல்காரனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டானாம்.

ஆனால் சம்பந்தி, இவ்வளவு பட்ட பிறகும் உங்களுக்குப் புத்தி வரவில்லையே! 'தருகிறேன்' என்று காகிதத்தில் எழுதி அனுப்பினால் செல்லுமா? அந்த வார்த்தையைத் தபாலில் அனுப்பித் தப்பிக்கலாம் என்று பார்க்கிறீர்களா? கிளாஸைக் கையில் பிடித்து, எழுந்து நின்று, என் துறைக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்ல வேண்டும். இந்த மாதக் கடைசி ஞாயிறு. பாதிரியாரிடம் பேசிவிட்டேன். பால்காரப் பையன்களையும் கூட்டி வாருங்கள், குடிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறேன். ஆடுகளோடுதான் பேச வேண்டியிருக்கும் என்று கவலைப்பட வேண்டாம். குளிர்காலத்தில் இங்கே மத்தி கிடையாது, கடையிலும் கூட்டம் இருக்காது. உட்கார்ந்து பேச எனக்கும் ஆள் வேண்டும். வந்து இருங்கள்.

மேஜை அப்படியே இருக்கிறது. நேற்று அடித்த காற்றில் நாற்காலிகள் பறந்தன, உங்கள் கிளாஸ் அசையவில்லை. நீங்கள் வந்து அதை நிமிர்த்துங்கள். ஊஸோவை நான் ஊற்றுகிறேன். ஜக்கை உங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

உங்கள் சம்பந்தி
மிர்சினி